கடையில் யார் உட்காருவது?

தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் புடவையைப் பார்ப்பார்கள், விலைச் சீட்டைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவர் எடுத்து வைத்திருக்கும் புடவையையும் ஓரக் கண்ணால் பார்த்துக் கொள்வார்கள். அதை எடுத்துக் காட்டுகிற பெண்ணின் கால்களை யாரும் பார்ப்பதில்லை. காலை 9 மணிக்கு வந்த பெண் இரவு 9 மணிக்கும் அதே இடத்தில் நின்று கொண்டிருப்பாள். மேஜைக்கு இந்தப் பக்கம் வாடிக்கைக்காரருக்கு நாற்காலி உண்டு. அந்தப் பக்கம் ஒரு முக்காலிகூடக் கிடையாது. பல வருஷ காலமாகத் தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளின் உள் அமைப்பு இதுதான்.

கடையின் உள் அமைப்பு என்றதும் வர்ணம், விளக்கு, கண்ணாடி, பளிங்குத் தரை இவைதான் நினைவுக்கு வரும். உண்மையில் ஒரு கடையின் அமைப்பு வேறொரு விஷயத்தைச் சொல்லுகிறது. அங்கே யார் நிற்கிறார்கள், யார் உட்காருகிறார்கள், யார் நடக்கிறார்கள் என்பதை அது நிர்ணயம் செய்கிறது. ஜனங்களின் வாங்கும் பழக்கம் மாறும்போதெல்லாம் இந்த நிர்ணயமும் மாறி வந்திருக்கிறது. இப்பொழுது மறுபடியும் மாறிக் கொண்டிருக்கிறது. இந்தத் தடவை சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது.

பாய்க் கடை

பழைய காலத்து ஜவுளிக்கடையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் கூடம். கூடம் முழுவதும் ஜமக்காளமோ வெள்ளை விரிப்போ விரித்திருக்கும். செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போக வேண்டும். முதலாளி ஓரத்தில் திண்டில் சாய்ந்தபடி கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாங்க வந்த குடும்பம் விரிப்பில் வட்டமாக உட்காரும். கடைச் சிப்பந்தியும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புடவையாக உதறி மடியில் விரித்துக் காட்டுவார். எடுத்துக் கொடுக்கும் பையன் ஒருவன் மட்டும்தான் அலமாரிக்கும் விரிப்புக்கும் நடந்து கொண்டிருப்பான்.

இந்த அமைப்புக்குக் காரணம் அந்தக் காலத்து வியாபார முறை. விலை எழுதி வைக்கும் வழக்கம் அப்போது பரவலாக இல்லை. பேசித்தான் படிய வேண்டும். பேச வேண்டுமானால் உட்கார வேண்டும். கல்யாண ஜவுளி என்றால் காலையில் வந்தவர்கள் மத்தியானம் வரை இருப்பார்கள். காபியோ கலரோ வரும். வந்தவர்களில் பாதிப் பேரைக் கடைக்காரருக்குப் பெயர் சொல்லித் தெரியும். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பேசிய வியாபாரம் அது. அங்கே குறைகள் இல்லாமலில்லை. யார் உள்ளே வந்து விரிப்பில் உட்காரலாம், யார் வாசலிலேயே நின்று வாங்கிப் போக வேண்டும் என்ற ஜாதி வித்தியாசம் பல ஊர்களில் இருந்தது. ஆயினும் விற்கிறவர் பகல் முழுவதும் நின்றே ஆக வேண்டும் என்ற நியதி மட்டும் அங்கே இருக்கவில்லை.

மேஜை வந்தது

மேஜைக்குப் பின்னால் சிப்பந்தி நிற்கும் முறை மேல் நாட்டிலிருந்து வந்தது. பாரிஸ் நகரத்தில் ‘போன் மார்ஷே’ என்ற கடையில் 1852-ம் ஆண்டில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டைட் பூசிக்கோ என்பவர் அதைப் பிரம்மாண்டமான பல சரக்கு மாளிகையாக வளர்த்தார். ஒவ்வொரு சாமானிலும் விலை எழுதி வைத்தார். வாங்காவிட்டாலும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம் என்றார். பேரம் போயிற்று; பேரத்துக்காக உட்காரும் வழக்கமும் போயிற்று. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா இந்த மாதிரிக் கடையை வைத்தே 1883-ல் ஒரு நாவல் எழுதினார்.

பெரிய கடைகள் பெருகிய பிறகு இங்கிலாந்தில் இன்னொரு பிரச்னை எழுந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் கடைச் சிப்பந்திகளாகச் சேர்ந்தார்கள். நாள் முழுவதும் நின்றதால் அவர்களுடைய உடல் நலம் கெடுகிறது என்று வைத்தியர்களும் சீர்திருத்தக்காரர்களும் குரல் எழுப்பினார்கள். அதன் பலனாக 1899-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கை வீதம் மேஜைக்குப் பின்னால் போட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். மூன்று பேருக்கு ஒரு நாற்காலி என்பது இன்றைக்குச் சிரிப்பை உண்டாக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் எல்லாக் கடைச் சிப்பந்திகளுக்கும் அந்த உரிமை சட்டத்தில் ஏறுவதற்கு அதற்குப் பின் 122 ஆண்டுகள் பிடித்தன.

நம் ஊர்களில் மேஜை வந்த கதை சற்று வேறு. பேண்டும் பாவாடையும் அணிந்து தரையில் உட்காருவது சிரமம் என்பது ஒரு காரணம். வயதானவர்களுக்கு முழங்கால் மடங்காதது இன்னொரு காரணம். கூட்டம் பெருத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம். ஒரு குடும்பம் விரிப்பில் உட்கார்ந்தால் எடுத்துக் கொள்ளும் இடத்தில், மேஜைக்கு முன்னால் நான்கு குடும்பங்கள் நிற்கலாம். ஆகவே விரிப்பு சுருட்டப்பட்டது. நீள நீளமாக மேஜைகள் போடப்பட்டன. கூடம் மாடியாயிற்று, ஒரு மாடி ஏழு மாடியாயிற்று. பட்டுப் பிரிவில் மட்டும் சில கடைகள் பழைய மரியாதைக்காக மெத்தை விரிப்பை இன்றும் வைத்திருக்கின்றன.

தானே எடுத்துக் கொள்ளும் கடை

இதற்கிடையில் அமெரிக்காவில் மேஜைக்கே ஆபத்து வந்தது. 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற வியாபாரி ‘பிக்லி விக்லி’ என்ற விசித்திரப் பெயருடன் ஒரு மளிகைக் கடை திறந்தார். அதுவரை மளிகைக் கடையில் ஜாபிதாவைக் கொடுத்து விட்டு நிற்பதுதான் வழக்கம்; சிப்பந்தி எடுத்து வந்து கட்டிக் கொடுப்பார். சாண்டர்ஸ் மேஜையை எடுத்து விட்டு அலமாரிகளை வரிசையாகத் திறந்து வைத்தார். வருகிறவர்கள் சுழலும் கதவு வழியாக உள்ளே போய், கூடையை எடுத்துக் கொண்டு, வளைந்து வளைந்து எல்லா வரிசைகளையும் கடந்துதான் வெளியே வர முடியும். வெளியே வரும் வாசலில் பணம். இந்தக் கடை அமைப்புக்கு அவர் 1917-ல் காப்புரிமையும் வாங்கினார். கடையின் உள் அமைப்பு ஒரு கண்டுபிடிப்பாக மதிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் அந்த முறை வந்தது. 1966-ல் டெல்லியில் ‘சூப்பர் பஜார்’ திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சிந்தாமணி, காமதேனு போன்ற கூட்டுறவு அங்காடிகள் ஜனங்களுக்குத் தாங்களே எடுத்துக் கொள்ளும் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தன. பிறகு தனியார் கடைகள் பெருகின. ஜாபிதா எழுதுவது குறைந்தது. துணி வியாபாரத்திலும் கஜக்கோலால் அளந்து கிழித்துக் கொடுப்பது போய், தைத்த உடுப்பு வந்தது. தைத்த உடுப்புக்குப் போட்டுப் பார்க்க அறை வேண்டும்; நிலைக்கண்ணாடி வேண்டும்; தொங்கவிடக் கம்பி வேண்டும். கடையின் இடம் இவற்றுக்கெல்லாம் ஒதுக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வாடிக்கைக்காரர் தானே எடுத்துக் கொண்டால் சிப்பந்திக்கு வேலை குறையும், ஓய்வு கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர் விரோதம். மேஜைக்குப் பின்னால் நின்றவர் சாய்ந்து கொள்ளவாவது ஓர் அலமாரி இருந்தது. திறந்த கடையில் அவர் நடுக்கூடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. கலைத்துப் போட்ட உடுப்புகளை மடித்து வைப்பதும், யாரும் எதையும் எடுத்துப் போகாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பாயின. வேலை இல்லாத போதும் சுறுசுறுப்பாக நிற்பதாகத் தோன்ற வேண்டும் என்பது எழுதாத விதியாயிற்று. தலைக்கு மேலே கேமரா வந்த பிறகு அந்த விதி இன்னும் கடுமையாயிற்று.

கோழிக்கோட்டிலிருந்து ஒரு குரல்

நாள் முழுவதும் நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய வைத்திய நூல்கள் தேவையில்லை. கால் வீங்கும், இடுப்பு வலிக்கும், வருஷங்கள் போனால் கால் நரம்பு சுருட்டிக் கொள்ளும். இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தத்தைக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்துதான் மேலே தள்ளுகின்றன. நடக்கும்போது அந்த வேலை நடக்கிறது. அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்குகிறது. கீழே பளிங்கோ கிரானைட்டோ பாவிய கெட்டித் தரையாக இருந்தால் வேதனை இரட்டிப்பு.

இதை ஒரு சமூகப் பிரச்னையாக எழுப்பியவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற புகழ் பெற்ற கடைத் தெரு இருக்கிறது. அங்கே வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தையல் வேலை செய்து வந்த விஜி என்ற பெண்மணி இவர்களை ஒன்று திரட்டி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உண்டாக்கினார். முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள். அடுத்தபடி உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2014-ன் கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் சிப்பந்திகள் தொடங்கிய போராட்டம் நூறு நாட்களுக்கு மேல் நீடித்தது. அதற்குப் பெயரே ‘இருக்கும் போராட்டம்’ - அதாவது உட்காருவதற்கான போராட்டம்.

2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, சிப்பந்திகளுக்கு இருக்கை கொடுப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகப் பெண்கள் நூறு பேர் வரிசையில் விஜியின் பெயர் இடம் பெற்றது.

தமிழ்நாடு அடுத்தபடியாக வந்தது. 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டசபையில் கொண்டு வரப்பட்டு நிறைவேறியது. 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாச் சிப்பந்திகளுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்து கொள்ளலாம். வேலை நேரம் முழுவதும் காலில் நிற்கும் நிலை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. மூன்று பேருக்கு ஒன்று என்ற கணக்கும் இல்லை.

இதற்கு முன்பே, 2019-ல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இரவும் பகலும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாட்டில் அனுமதி கிடைத்திருந்தது. ஒரு சிப்பந்தியை எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொள்ளக் கூடாது என்பது முதலான நிபந்தனைகள் அதில் உண்டு. ஆயினும் கடை தூங்காத காலத்தில் சிப்பந்தியின் ஓய்வு பெரிய விஷயமாகிறது என்பதை மறுக்க முடியாது.

இடம் எங்கே இருக்கிறது?

சட்டம் வந்து விட்டது. நாற்காலி எங்கே போடுவது? இது கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னை தியாகராய நகரிலோ மதுரை மாசி வீதிகளிலோ ஒவ்வொரு சதுர அடியும் பொன் விலை. ஒரு முக்காலிக்கு 2 சதுர அடி என்று வைத்துக் கொண்டாலும், 200 சிப்பந்திகளுக்கு 400 சதுர அடி ஆகிறது. அந்த இடத்தில் எத்தனை அலமாரி வைக்கலாம் என்று முதலாளியின் மனம் கணக்குப் போடும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. மேஜைக்கும் பின் அலமாரிக்கும் நடுவே சிப்பந்தி நடமாட ஏற்கெனவே இரண்டரை, மூன்று அடி அகலத்தில் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்திலேயே இருக்கைக்கு வழி செய்யலாம். அலமாரியின் அடித் தட்டில் கீல் வைத்து மடக்குப் பலகை பொருத்தினால், வேண்டும்போது இறக்கி உட்காரலாம். எழுந்ததும் அது தானே மடங்கிக் கொள்ளும். ரயில் வண்டியிலும் சினிமாக் கொட்டகையிலும் பார்த்துப் பழகிய விஷயம்தான். விற்பனை மேஜை சுமார் 3 அடி உயரம் இருப்பதால் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் சிப்பந்தியின் தலை மட்டும்தான் தெரியும். உயரமான முக்காலியைக் கால் வைக்கக் குறுக்குக் கட்டையுடன் போட்டால், உட்கார்ந்தபடியே வாடிக்கைக்காரரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம். மேஜையின் அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் போதும். நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்புப் போடுவதும் நல்லது. இதற்கெல்லாம் பெரிய பொறியியல் அறிவு வேண்டாம். ஒரு தச்சரும் ஒரு முதலாளியின் மனமும் போதும்.

நடைமுறையில் நாற்காலியைப் போட்டு விட்டு அதில் உட்கார விடாத கடைகளும் இருக்கின்றன. பரிசோதனைக்கு அதிகாரி வந்தால் காட்டுவதற்காக முக்காலி ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருக்கும். உட்கார்ந்திருக்கும் சிப்பந்தி சோம்பேறி என்று வாடிக்கைக்காரர் நினைப்பார் என்பது இவர்களுடைய வாதம். இந்த இடத்தில் பொறுப்பு வாங்க வருகிறவர்களையும் சேருகிறது. மாவட்டக் கச்சேரியில் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். பாங்கியில் காசாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர்களை யாரும் மரியாதை இல்லாதவர்கள் என்று சொல்லுவதில்லை. புடவை காட்டுகிறவர் மட்டும் நின்றால்தான் மரியாதையா?

வெளிச்சமும் கைப்பேசியும்

வாடிக்கைக்காரரின் பழக்கங்கள் மாறியதால் கடைக்குள் வேறு பல மாறுதல்களும் நடந்து வருகின்றன. பட்டுப் புடவை வாங்கும் தாய்மார்கள் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்ப்பது பழைய வழக்கம். அது வெறும் சந்தேகம் அல்ல; அதில் விஞ்ஞானம் இருக்கிறது. பழைய குழல் விளக்குகளின் வெளிச்சத்தில் சிவப்புப் பகுதி குறைவு. அரக்கு நிறம் மங்கித் தெரியும். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் வெயிலில் வெவ்வேறாக இருக்கும். விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை அளக்க 100 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நல்ல எல்.இ.டி. விளக்குகள் 90-க்கு மேல் எட்டுகின்றன. நீல எல்.இ.டி. கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் இன்றைய கடை வெளிச்சமே இல்லை. இந்த விளக்குகள் சூட்டைக் குறைவாகக் கக்குவதால் குளிர்சாதனச் செலவும் குறைகிறது.

கல்லாப் பெட்டியும் சுருங்கி வருகிறது. பெரிய ஜவுளிக்கடையில் பில் ஓரிடம், பணம் ஓரிடம், சாமான் கொடுக்கும் இடம் ஓரிடம் என்று மூன்று இடங்களில் நிற்க வேண்டும். விற்றவர் கையில் பணம் போகக் கூடாது, பணம் வாங்கியவர் கையில் சாமான் போகக் கூடாது என்ற தணிக்கை முறை அது. 2016-ல் கைப்பேசி மூலம் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. பிறகு கொரோனா வந்தது. கடலை வண்டியிலும் சதுரக் கட்டம் போட்ட அட்டை தொங்கத் தொடங்கியது. பணம் கையில் படாததால், மூன்று இடங்களில் நிற்கும் அவசியமும் குறைந்து வருகிறது. அந்த வரிசைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் சில கடைகள் உட்காரும் பெஞ்சுகள் போட்டிருக்கின்றன. மனைவியின் தேர்வு முடியும் வரை காத்திருக்கும் கணவன்மார்களுக்கு அது பெரிய உபகாரம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இன்னொரு பழக்கம் பிறந்தது. கடைக்கு வர முடியாதவர்களுக்குக் கைப்பேசியில் படம் காட்டியே புடவை விற்றார்கள். அப்போது ஒரு மூலையில் அவசரமாக விளக்கு வைத்துச் செய்தது, இப்போது சில கடைகளில் நிரந்தர அறையாகி விட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் காட்டி விட்டு இங்கே இருக்கும் தாயார் வாங்குகிறார். ஒரு விசேஷம் என்னவென்றால், அந்த அறையில் புடவை காட்டும் பெண் உட்கார்ந்தபடியே காட்டுகிறாள். கேமராவுக்கு முன்னால் விரிப்புப் போட்டு உட்கார்ந்தால்தான் புடவை படத்தில் நன்றாக விழுகிறது. பழைய பாய்க் கடை கைப்பேசி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

வழி அடைபடக் கூடாது

உள் அலங்காரத்தைப் பற்றிப் பேசும்போது தீயைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2008 செப்டம்பரில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து இரண்டு சிப்பந்திகள் மாண்டார்கள். 2017 மே 31 அதிகாலை உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேல் எரிந்த அந்தக் கட்டடத்தைப் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. கடை திறந்து ஜனங்கள் நிறைந்திருந்த வேளையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

துணி, பலகைத் தடுப்பு, போலிக் கூரை, பிளாஸ்டிக் அலங்காரம் எல்லாமே எரியும் பொருள்கள். ஜன்னல்களை அடைத்து அலமாரி வைத்தால் புகை வெளியேற வழியில்லை. பண்டிகைக் காலத்தில் மாடிப் படியிலும் மூட்டைகள் ஏறி விடுகின்றன. சாமான் வைக்கும் ஆசையும் வழி விடும் கடமையும் கடையின் உள்ளே எப்போதும் மோதிக் கொண்டிருக்கின்றன. முக்காலிக்கு இடமில்லை என்று சொல்லும் அதே மனம்தான் அவசர வழியையும் அடைக்கிறது. சிப்பந்திக்கு உட்கார இடம் விடப் பழகும் முதலாளி, வாடிக்கைக்காரர் ஓட வேண்டிய வழியையும் விடப் பழகுவார் என்று எதிர்பார்க்கலாம்.

காரியாலயத்தில் நேர் எதிர்

கடையில் சிப்பந்திக்கு இருக்கை கிடைத்துக் கொண்டிருக்கும் இதே காலத்தில், காரியாலயத்தில் உத்தியோகஸ்தருக்குச் சொந்த இருக்கை போய்க் கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் ராபர்ட் பிராப்ஸ்ட் என்பவர் 1964-லும் 1968-லும் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காகப் புதுமாதிரியான காரியாலய மேஜைகளை வகுத்தார். ஒருவர் நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்யலாம், தடுப்புகளை வேண்டியபடி மாற்றலாம் என்பது அவர் எண்ணம். நிர்வாகங்கள் அந்தத் தடுப்புகளை மட்டும் எடுத்துக் கொண்டு ஆட்களைப் பெட்டி பெட்டியாக அடைத்து விட்டன. சென்னைத் தரமணியில் 2000-ம் ஆண்டில் திறந்த டைடல் பூங்காவைத் தொடர்ந்து எழுந்த கம்ப்யூட்டர் நிறுவனங்களில் நம் இளைஞர்கள் கண்ட உலகமும் பெரும்பாலும் அதுதான். பிறகு தடுப்புகளையும் எடுத்து விட்டுத் திறந்த கூடமாக்கினார்கள். எல்லாரும் கலந்து பேசுவார்கள் என்று சொன்னார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு நிறுவனங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. திறந்த கூடத்துக்கு மாறிய பிறகு நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவிகிதம் குறைந்து, கம்ப்யூட்டர் வழிக் கடிதங்கள் அதிகமாயின. மறைவு இல்லாத இடத்தில் மனிதர் காதில் கருவியை மாட்டிக் கொண்டு தாமே ஒரு மறைவை உண்டாக்கிக் கொள்ளுகிறார்.

கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் காரியாலயத்திலும் வேலை செய்யும் பழக்கம் வந்தது. தினமும் பாதிப் பேர் வராத இடத்தில் எல்லாருக்கும் மேஜை எதற்கு என்று நிர்வாகங்கள் கேட்டன. ஆகவே பத்துப் பேருக்கு ஆறு, ஏழு மேஜை என்று குறைத்து, வந்தவர் கிடைத்த இடத்தில் உட்காரும் முறை பரவியது. மிச்சமான இடத்தில் கூட்டம் நடத்தும் அறைகளும், ஒருவர் மட்டும் நின்று போன் பேசும் கண்ணாடிப் பெட்டிகளும் வந்தன. பல கம்பெனிகள் ஒரே கூடத்தை வாடகைக்குப் பங்கு போடுவதும் பெருகியிருக்கிறது.

இது புதுமை என்று சொல்லப்பட்டாலும் தமிழருக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில் ஒரு நீண்ட கூடத்தில் பல வட்டிக் கடைகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு தாழ்ந்த சாய்வு மேஜை, ஒரு பெட்டி, ஓர் அலமாரி. அவ்வளவுதான் காரியாலயம். இரவில் அங்கேயே படுத்துக் கொள்வார்கள். அந்தக் கட்டடங்கள் 1970-களில் இடிக்கப்பட்டு விட்டன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிட்டங்கியில் இடம் சிறியதானாலும் அது அவருடைய பெட்டியடி. நாளைக்கும் அங்கேயே உட்காருவார். இன்றைய உத்தியோகஸ்தர் மாலையில் மேஜையைத் துடைத்து விட்டு, குழந்தையின் படத்தைக்கூடப் பையில் போட்டுக் கொண்டு போக வேண்டியிருக்கிறது.

வாசலில் நிற்பவர்

இப்போது இன்னொருவர் கடை வாசலுக்கு வந்து நிற்கிறார். 2014-ல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கி போன்ற நிறுவனங்கள் பெருகிய பின், ஓட்டலுக்குப் போகாமலே சாப்பாடு வீட்டுக்கு வரும் பழக்கம் நிலைத்து விட்டது. ஓட்டல்களின் உள் அமைப்பும் இதற்கேற்ப மாறியிருக்கிறது. சாப்பாட்டு மேஜைகள் குறைந்து, பார்சல் கட்டும் இடம் பெரிதாயிற்று. சில இடங்களில் சாப்பாட்டுக் கூடமே இல்லாமல் அடுப்பங்கரை மட்டும் நடக்கிறது. ஆனால் பார்சல் வாங்க வரும் இளைஞருக்கு அந்த அமைப்பில் இடம் ஒதுக்கப்படவில்லை. அவர் சிப்பந்தியும் அல்ல, வாடிக்கைக்காரரும் அல்ல என்பதால் வெயிலிலும் மழையிலும் வண்டியின் மேல் சாய்ந்து நிற்கிறார். 22-ஏ பிரிவு கடையின் சிப்பந்திகளைப் பற்றித்தான் பேசுகிறது. இவரைப் பற்றிப் பேசவில்லை.

2025-ல் சென்னை மாநகராட்சி இப்படிப்பட்ட தொழிலாளருக்காக அண்ணா நகரில் குளிர்சாதன வசதியுள்ள ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றலாம், கழிப்பறை உண்டு. நல்ல ஆரம்பம்தான். ஆயினும் நகரம் முழுவதும் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான வாசல்களுக்கு இது போதாது. ஒவ்வொரு ஓட்டலும் வாசலில் ஒரு பெஞ்சும் ஒரு தண்ணீர்க் குடமும் வைத்தால் பாதிப் பிரச்னை தீரும். வழிப்போக்கருக்குத் திண்ணை கட்டி வைத்த ஊர்களில் இது பெரிய காரியமில்லை.

அடுத்த தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும் தாய்மார்கள் ஒரு காரியம் செய்யலாம். விலை கேட்பதற்கு முன்னால், காட்டுகிற பெண்ணைப் பார்த்து, “நீயும் கொஞ்சம் உட்கார்ந்து காட்டம்மா” என்று சொல்லலாம். சட்டம் கொடுத்த முக்காலி மூலையில் அடுக்கிக் கிடந்தால், அது அன்றைக்காவது மேஜைக்குப் பின்னால் வந்து சேரும்.